பச்சை நூல் கட்டிய மீன்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் மீன் வியாபாரம் என்று பேச்செடுத்தால் என்னைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதலாம்தான். ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். குமுளி மலையிறங்கி வரும் லாரியில் மத்தியும் அயிலையும் எடுத்து, சைக்கிள் கேரியரில் ஐஸ் பெட்டியைக் கட்டி, கம்பத்திலிருந்து உத்தமபாளையம் வரைக்கும் தெருத்தெருவாகக் கூவி விற்றிருக்கிறேன். பெட்டியிலிருந்து வடியும் தண்ணீரில் முதுகெல்லாம் நனைந்திருக்கும்; பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவரும் உட்கார மாட்டார்கள். அந்தச் சைக்கிளிலிருந்து இறங்கி, கண்மாய்க் குத்தகைக்கு வந்தேன். மூன்று கண்மாய், ஒரு வேன், மச்சு வீடு. எங்கள் தெருவில் முதலில் மாடிப்படி கட்டியது நான்தான்.

ஆனாலும் யாராவது விளையாட்டாகக்கூட, "பாய், உங்க கண்மாயில எவ்வளவு மீனு இருக்கும்?" என்று கேட்டால் இன்றைக்கும் எனக்கு முகம் சுருங்கிவிடும். கேட்பவர் சிரிக்காமல் கேட்க மாட்டார். இந்தப் பக்கத்தில் அந்தக் கதை தெரியாத ஆள் கிடையாது. வெளியூர்க்காரர்களுக்காக எழுதுகிறேன்.

செல்போன் வந்த புதிது. அது என்னிடம் இருப்பது ஊருக்குத் தெரியட்டும் என்று சட்டைப் பையில் பாதி வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு கரையில் நின்றிருந்தேன். அந்த வருஷம் நல்ல மழை. கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து, தை பிறந்த பிறகும் கரையோரமே நெஞ்சளவு தண்ணீர் கிடந்தது. ஒரு பெண்பிள்ளை, தோளில் ஒரு பையும் கையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியுமாகக் கரை மேல் நடந்து வந்தது. சின்னமனூர்ப் பெண். அப்பா வாழைக்காய் லாரி ஓட்டுகிறவர். மதுரையில் ஒரு கல்லூரியில் மீன்களைப் பற்றி டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறதாம்.

"ஐயா, உங்க கண்மாயில இருக்கிற மீன எண்ணணும்."

"எண்ணி?"

"எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சுக்கிறதுக்குத்தான்."

"அதுக்கு எதுக்கு ஆத்தா எண்ணணும்? என்கிட்டக் கேளு. தண்ணி மேல ஒரு பார்வை பாத்தாப் போதும், சொல்லிப்புடுவேன்."

"நீங்க சொன்னா எங்க சார் ஒத்துக்கிற மாட்டாருங்கய்யா."

கரையில் டீ விற்கிறவன் பக்கென்று சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பெண் சிரிக்கவில்லை. விஷயத்தை உள்ளபடி சொன்னது. இதற்கு முன் பார்த்த ஒரு கண்மாய் பாதி வேலையில் வற்றிவிட்டது. இன்னொன்றில் குத்தகைக்காரர் கணக்குப் பார்க்க வந்த அரசாங்க ஆள் என்று நினைத்து விரட்டிவிட்டார். படிப்புக்குக் கொடுத்த காலம் முடியப் போகிறது. இந்தக் கோடைக்குள் ஒரு கண்மாயையாவது முழுசாக முடித்துக் காட்டாவிட்டால் ஆராய்ச்சியை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டாராம்.

"இது போச்சுன்னா எனக்கு மறுபடி இல்லைங்கய்யா," என்றது. அழவில்லை. பஸ் நேரம் சொல்வது மாதிரி சொன்னது.

எனக்குப் பிடித்துவிட்டது. "இந்தக் கண்மாய் உன்னுது. யாரு என்ன சொன்னாலும் என் பேரச் சொல்லு. இங்கன என் சொல்லத் தாண்டி ஒரு குஞ்சு வெளிய போகாது," என்றேன். நெஞ்சைத் தட்டித்தான் சொன்னேன்.

எண்ணுகிற வழியை அவள் விளக்கினாள். முதலில் கொஞ்சம் மீனைப் பிடித்து, அடையாளம் கட்டி, திரும்ப விட வேண்டும். அது மற்ற மீனோடு நன்றாகக் கலக்கட்டும் என்று சில வாரம் பொறுக்க வேண்டும். பிறகு வலை போடும்போது, வந்த மீனில் எவ்வளவுக்கு எவ்வளவு அடையாள மீன் என்று பார்த்தால் மொத்தம் தெரிந்துவிடும். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. "புளியங்கொட்டை மூட்டைதானே ஆத்தா? ஒரு கை அள்ளிச் சுண்ணாம்பு தடவி உள்ளே போட்டுக் குலுக்கணும். மறுபடி அள்ளுறப்பச் சுண்ணாம்புக் கொட்டை அடிக்கடி வந்தா மூட்டை சின்னது. அத்திபூத்தாப்புல வந்தா மூட்டை பெருசு." அவள் வாயைப் பிளந்துவிட்டாள். "எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு இது விளங்கலைங்கய்யா," என்றாள். இதை நான் அந்த வாரம் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அடையாளத்துக்கு அவள் சிவப்பு நூல் வைத்திருந்தாள். நான்தான் வேண்டாம் என்றேன். சிவப்பு நீர்க்காகத்தின் கண்ணில் படும். வலை முடைகிற பச்சை நைலான் நூலைக் கொடுத்து, "இதக் கட்டு, பாசியோட பாசியா இருக்கும்," என்றேன். அதையும் அவள் ஒத்துக்கொண்டாள். பச்சை நூல் என் யோசனை. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லை, ஊர் வைத்துக்கொண்டிருக்கிறது.

என் வேன் டிரைவரும் கண்மாய்க் காவல்காரரும் பரிசல் தள்ள, சில நாள் விடிகாலையில் வேலை நடந்தது. தொட்டித் தண்ணீரில் கிராம்பு எண்ணெய் விட்டு மீனைப் போட்டால் அது மயங்கிச் சாய்ந்துவிடும். முதுகுத் துடுப்புக்குக் கீழே ஊசி ஏற்றி, நூலை ஒரு சுற்றுக் கட்டி, அளவெடுத்து, நல்ல தண்ணீரில் தெளிய வைத்து விடுவாள். கரையெல்லாம் கிராம்பு வாசம். "ஏத்தா, புடிக்கிறதுக்கு முன்னாலயே பிரியாணிக்கு ஊறப்போடுறியா?" என்று காவல்காரர் கேட்டார். கட்லா, ரோகு, நாங்கள் விடாமலே பெருகிக் கிடந்த ஜிலேபிக் கெண்டை, விரால் என்று எல்லாவற்றிலும் கட்டினாள். விரால் மட்டும் கட்ட விடாமல் வழுக்கிக்கொண்டு போகும். விடும்போது ஒவ்வொன்றையும் கையில் ஏந்தி, அது தானாக வால் அசைக்கும்வரை தண்ணீருக்குள் பிடித்திருப்பாள். அதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கரையில் போகிற வருகிறவர்களும் பார்த்துக்கொண்டு போனார்கள்.

மாசியில் வலை போட வருஷா வருஷம் வைகை அணைப் பக்கத்திலிருந்து வரும் கூட்டம் வந்து கரையில் கூடாரம் அடித்தது. நூல் கட்டியபோது இருந்தவர்கள் அல்ல அவர்கள். இந்துக்களும் எங்கள் முஸ்லிம் ஆட்களும் கலந்த கூட்டம். அவர்களுடைய மேஸ்திரி என்னைவிட நாலைந்து வயது இளையவர், அதிகம் பேசாதவர். நான் அவரிடம், "பச்சை நூல் கட்டுன மீனு வரும். அது தனி. எடையில போட்டுறக் கூடாது. அந்தப் பொண்ணுகிட்டக் காட்டிப்புட்டுத்தான் மறுவேலை," என்றேன். அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அந்த நேரம் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பேசிக்கொண்டே வேனுக்கு நடந்துவிட்டேன். சொன்னால் சொன்னதுதான், என் ஆட்கள் இரண்டாம் தடவை கேட்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

வலை போட்ட நாளெல்லாம் அந்தப் பெண் முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். மேட்டில் கொட்டிய மீன் குவியலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பாள். பச்சை நூல் வரவே இல்லை. எப்போதாவது ஒன்று, அதுவும் குவியலுக்கு அடியில். வாரம் ஆக ஆக அவளுடைய முகம் வாடியது. என் முகம் மலர்ந்தது.

"புளியங்கொட்டை ஆத்தா! மூட்டை எம்புட்டுப் பெருசுன்னு பாத்துக்க!"

"இல்லைங்கய்யா. கணக்குப் போட்டா ரொம்ப வருது. இந்தத் தண்ணியில அவ்வளவு மீனு மூச்சு விட முடியாது. நூலு அவுந்திருச்சோ என்னமோ. இல்ல, யாராச்சும் தனியா எடுத்துட்டுப் போறாகளோ..."

"என் ஆளுகளத் திருடன்னு சொல்றியா?"

"ஐயையோ, அப்படிச் சொல்லலைங்கய்யா. அவுககிட்ட ஒருதடவை பேசிப் பாக்கட்டுமா? பரிசல்ல கூடப் போறேன்."

"பரிசல்ல பொம்பளப்புள்ள ஏற வேணாம். எதுனாலும் என்கிட்டக் கேளு. என்கிட்டக் கேட்டா அவுககிட்டக் கேட்ட மாதிரி."

அவள் மறுபடி மீனைப் புரட்டப் போய்விட்டாள். அவளுடைய படிப்பே என் கண்மாயில் நிற்கும்போது என்னோடு எப்படி மல்லுக்கு நிற்பாள்? அடுத்த வாரமும் கேட்டாள். அன்றைக்கு நான் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். அதன்பின் கேட்கவில்லை. அவள் கணக்கில் வந்த எண்ணை மட்டும் வாங்கி மனப்பாடம் செய்துகொண்டேன். பெரிய எண். அதை இங்கே எழுதப் போவதில்லை.

டீக்கடையில் சொன்னேன். உத்தமபாளையத்தில் ஒரு நிக்காஹ் விருந்தில் சொன்னேன். தேனியில் மார்க்கெட்டுக்காரர்களிடம் சொன்னேன். காலேஜில் படித்த பெண் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறது, என் வாயால் சொல்லவில்லை என்று சேர்த்துச் சொன்னேன். கேட்டவர்கள் புருவத்தை உயர்த்தினார்கள். ஒரு ஆள் மட்டும், "அம்புட்டு மீனும் ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருக்குமோ?" என்றான். அவன் படிக்காதவன் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சித்திரை கடந்து தண்ணீர் வற்றி முழங்காலளவு ஆனதும், குத்தகைக்காரன் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, கண்மாயை ஊருக்கு விட்டுவிட வேண்டும். அதுதான் அழிகண்மாய். பெரியாற்றுத் தண்ணீர் திறந்து கண்மாய்க்கு மறுபடி வரத்து வருவதற்குள் இதை முடித்துவிடுவார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசியதும் கரையில் நிற்கும் ஜனம் முழுதும் மீனைக் கவிழ்த்துப் பிடிக்கிற ஊத்தாக் கூடையும் சேலைத் துணியுமாக உள்ளே இறங்கும். யார் கையில் எது சிக்குகிறதோ அது அவர்களுடையது. ஒருவர் கூடையில் என்ன இருக்கிறது என்று இன்னொருவர் எட்டிப் பார்ப்பது கூடாது. கேட்பது அதைவிடக் கேவலம். கண் வைத்துவிட்டான் என்பார்கள்.

வழக்கமாக ஒரு ஊருக்குத்தான் சொல்லி அனுப்புவது. நான் அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பினேன். "சட்டி கொண்டு வராதீக, வண்டி கொண்டு வாங்க," என்று சொல்லச் சொன்னேன். வீட்டில் என் மனைவி கேட்டாள்: "ஊரு பூராவையும் கூப்பிட்டுட்டீகளே, கண்மாயில உள்ளது உள்ளதுதானான்னு ஒருக்கா அந்த வலைக்காரவுககிட்டக் கேட்டுக்கிட்டீகளா?" நான் அவளைப் பார்த்த பார்வையில் அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்தப் பெண்ணின் பேராசிரியரும் அன்றைக்கு வருவதாக ஏற்பாடு. கண்மாய் காலியாகும் நாளில் தன் மாணவி போட்ட கணக்கு சரியா என்று நேரில் பார்க்க வருகிறார். "நல்லதாப் போச்சு, வரட்டும். உனக்கு அன்னிக்கே பட்டம்," என்றேன். அவள் சிரிக்க முயற்சி செய்தாள்.

அன்றைக்குக் கரையில் திருவிழாக் கூட்டம். நிஜமாகவே மாட்டுவண்டி, டிராக்டர், ஆட்டோ என்று வந்திருந்தார்கள். ஐஸ் விற்கிறவன்கூட வந்துவிட்டான். பேராசிரியர் குடை பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். அவருக்கு என் கண்மாயின் சரித்திரம் முழுவதும் சொன்னேன். துண்டு வீசியதும் கரையே சரிந்து விழுந்தது போல ஜனம் இறங்கியது.

முதல் கொஞ்ச நேரம் கூச்சலும் சிரிப்பும். கெண்டை துள்ளியது, ஒரு பையன் விராலைக் கவ்விக்கொண்டு ஓடினான். அதற்குப் பிறகு ஊத்தாவைக் குத்திக் குத்தி எடுத்தால் சேறுதான் வந்தது. வெயில் ஏறியது. கூச்சல் வேறு மாதிரியானது.

"ராவுத்தரே! மீனெல்லாம் எங்கன? சம்பந்தி வீட்டு விருந்துக்குப் போயிருச்சா?"

"ஏலே, சத்தம் போடாத. ஒண்ணு மேல ஒண்ணு படுத்துத் தூங்குதாம்."

"பாய், வண்டி கொண்டாரச் சொன்னீகளே, சேத்தையாவது ஏத்திட்டுப் போகட்டுமா?"

நான், "இன்னும் மடைப் பக்கம் போகல, அங்கன பாருங்க," என்று கத்தினேன். என் குரல் எனக்கே மெலிந்து கேட்டது.

மடைப் பக்கம்தான் அது தெரிந்தது. கண்மாயின் ஆழமான பள்ளம் அது. அங்கே வலைக்கூட்டத்து மேஸ்திரியும் அவருடைய ஆட்களும் யாரையும் இறங்கவிடாமல் வளைத்து நின்றார்கள். ஜனத்தில் அங்கங்கே சிலர், பெண்களும்கூட, கையில் ஒற்றை மீனை ஏந்திக்கொண்டு சேற்றில் தடுமாறி அந்தப் பள்ளத்துக்கு வந்தார்கள். மீனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மெல்லத் தண்ணீரில் விட்டார்கள். கைகூப்பினார்கள். திரும்பிப் போய்விட்டார்கள்.

அந்தப் பெண் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். நானும் பின்னால் போனேன். பேராசிரியரும் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு வந்தார். பள்ளம் முழுக்கப் பச்சை நூல். கட்லா, ரோகு, கெண்டை. அவள் கட்டிவிட்டதில் பெரும்பகுதி அங்கே நின்று வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இத ஏண்ணே தனியா விட்டு வச்சிருக்கீக?" என்று அவள் மேஸ்திரியிடம் கேட்டாள்.

"பின்ன என்னத்தா செய்யிறது? நேந்து விட்டதாச்சே."

"நேந்து விட்டதா? யாரு?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "மொதலாளிதான். பச்சை நூலு தர்காவுல ஓதிக் கட்டுறதுதானே. பொண்ணு ஒவ்வொண்ணாக் கையில ஏந்தி விட்டுச்சுன்னு கரையில பாத்தவுகளும் சொன்னாக. தனின்னு மொதலாளியும் சொன்னாக. அதான் வலையில வந்த ஒடனே பரிசல்லயே கும்பிட்டுத் தண்ணிக்குள்ள விட்டுட்டோம். மேட்டுக்குக் கொண்டாந்து கொட்டுனாச் செத்துப்போகும்ல. நேந்ததச் சாகடிக்கலாமா?"

வலைக்கூட்டத்தில் எங்கள் ஆள் ஒருவன், தாடி அரும்பிய வாலிபன், இடையில் பேசினான். "இல்ல மேஸ்திரி, நாங்க இத அய்யனாருக்கு நேந்ததுன்னுல்ல நெனச்சோம். கண்மாய்க்கரைச் சாமி ஆச்சேன்னு நாங்களும் பத்தரமா விட்டோம்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சிரிப்பு பள்ளத்திலிருந்து கரைக்கு ஏறி, கரை நெடுகப் போனது. என்ன விஷயம் என்று ஆளுக்காள் கேட்டுச் சொல்லிச் சிரித்தார்கள். "ராவுத்தரு மீனுக்கு ஓதி நூலு கட்டிருக்காராம்ப்பா!"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அது எனக்குப் பழக்கமான வழி. "ஏய்யா, பொண்ணுகிட்டக் காட்டணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? சந்தேகம்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

மேஸ்திரி சத்தம் போடவில்லை. "நேந்ததா மொதலாளின்னு கேக்கத்தான் அன்னிக்கு வாயெடுத்தேன். நீங்க போனு பேசிட்டே போயிட்டீக. அப்புறம் ரெண்டுவாட்டி வந்தேன். ரெண்டுவாட்டியும் யாரையோ வைஞ்சுக்கிட்டு இருந்தீக. நீங்க எங்க எங்களப் பேச விட்டீக?"

'நான் அவுககிட்டப் பேசணும்னு கேட்டேனேய்யா' என்று அந்தப் பெண் ஒரு சொல் சொல்லியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேராசிரியர் குடையை மடக்கினார். "அப்ப உன் கணக்கு?" என்றார்.

"தப்பு சார்," என்றாள். அத்தனை ஜனத்துக்கு நடுவில் அதைச் சொன்னாள். "நூல் மீன் முக்காவாசி மேட்டுக்கே வரல. அதான் பெருசா வந்திருக்கு. நான் போட்டது எதுவும் நிக்காது."

அவள் வருஷக்கணக்காகப் பட்ட பாடு அந்தச் சேற்றில் போனதை என் கண்ணால் பார்த்தேன். அதற்கு வேறு காரணம் தேட எனக்கு இடம் இருக்கவில்லை.

பேராசிரியர் கெட்டவர் அல்ல. அவரே ஒரு வழி சொன்னார்: "கண்மாய் இன்னைக்குக் காலியாகுது. உள்ள இருந்தது பூராம் இன்னைக்கு வெளிய வருது. அத எண்ணிட்டா அடையாளமே வேண்டாம். வலைக்காரங்க எடுத்த கணக்கோட இதச் சேத்தாப் போதும். ஆனா எண்ணணும். எல்லாத்தையும்."

அவள் நிமிர்ந்து கரையைப் பார்த்தாள். ஜனம் ஏறத் தொடங்கிவிட்டது. கூடையும் சட்டியும் சேலை முந்தானையுமாக, எத்தனையோ ஊருக்குப் போகிற மீன். அதை யார் போய்க் கேட்பது? அழிகண்மாயில் அடுத்தவர் கூடையைத் திறந்து காட்டச் சொல்வது, இலையில் சாப்பிடுகிறவரிடம் எத்தனை சோறு தின்றாய் என்று கேட்பது போல. அதிலும் விருந்துக்குக் கூப்பிட்டவன் கேட்பது.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். திரும்பாததால் கிளம்பினேன்.

கண்மாயை விட்டு வெளியேற ஒரே வண்டிப்பாதைதான். அந்த ஏற்றத்தில் போய் நின்றேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். யாருக்கு முன்னாலும் அப்படிக் கட்டியவனில்லை நான். முதலில் ஏறி வந்தது ஒரு அம்மாவும் மருமகளும்.

"ஆத்தா, கூடையக் கொஞ்சம் காட்டிட்டுப் போ. எடுக்க மாட்டேன். அந்தப் பொண்ணு எண்ணிக்கிறட்டும். அதோட படிப்பு இதுலதான் இருக்கு."

"ஏன் ராவுத்தரே, குடுத்துப்புட்டுக் கணக்குக் கேக்கிறீகளோ?"

"எண்ண மட்டும்தான் ஆத்தா."

"கூப்பிட்டப்ப வண்டி கொண்டா வண்டி கொண்டான்னீக. இந்தா பாருங்க, நல்லாப் பாருங்க, நாலு கெண்டை. இதுக்கு எதுக்கு வண்டி?" அந்த அம்மா கூடையை என் முகத்துக்கு நேராகக் கவிழ்ப்பது போலக் காட்டினாள். அந்தப் பெண்ணும் பேராசிரியரும் ஓடி வந்து குந்தினார்கள். எண்ணினார்கள், அளந்தார்கள்.

அடுத்தவர், அதற்கடுத்தவர். சிலர் மறுபேச்சில்லாமல் காட்டினார்கள். சிலர் காட்டும் முன் என்னைக் கெஞ்ச வைத்தார்கள். "பாய், எனக்கும் ஒரு தாயத்துக் கட்டிவிட்டாத்தான் காட்டுவேன்," என்றான் ஒருவன். ஒரு டிராக்டர்க்காரன் நிற்காமலே போனான். அவனுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினேன். அவன் திரும்பிப் பார்த்து வேகத்தைக் கூட்டினான். எனக்கு மூச்சிரைத்தது. சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மேஸ்திரியும் அவருடைய ஆட்களும் வந்து பாதையின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டார்கள். நான் கூப்பிடவில்லை. அவர்கள் கேட்டபோது ஜனம் சிரித்துப் பேசிக்கொண்டே கூடையைத் திறந்தது. என்னிடம் வந்தால்தான் வாய் கோணியது.

பொழுது சாயும்போது பாதை காலியானது. அவள் எழுந்து முதுகை நிமிர்த்தினாள்.

"தப்பிப் போனது கொஞ்சம்தாங்கய்யா. இது போதும்னு சாரு சொல்லிட்டாரு."

"எவ்வளவு ஆத்தா?"

சொன்னாள். நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததில் ஒரு ஓரத்துக்குக்கூட வராது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாங்கய்யா. இந்தத் தண்ணிக்கு இது நல்ல கண்மாய்தான்." என் மனசு நோகக் கூடாது என்று அதைச் சேர்த்துச் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பள்ளத்து மீன்கள் பாக்கி இருந்தன. அவற்றையும் எண்ணி, அளந்து, கத்தரியால் நூலை வெட்டி எடுத்தாள். "இப்ப எடுத்துக்கங்க, நூலு இல்ல. இதுல ஓதுனதும் இல்ல, நேந்ததும் இல்ல. எண்ணுறதுக்காக இந்தப் பொண்ணு கட்டுன வெறும் நூலு," என்று வலைக்காரர்களிடம் நானே சொன்னேன். ஒருவரும் தொடவில்லை.

"நீங்க நேரலன்னாலும் நாங்க கும்பிட்டுட்டோம் மொதலாளி," என்றார் மேஸ்திரி.

அந்த மீன்களைப் பெரிய டிரம்களில் ஏற்றி, வற்றாத என் இன்னொரு கண்மாய்க்கு அனுப்பி விட்டோம். அங்கேயும் அவற்றைப் பிடிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் தொழுகை முடிந்து படியிறங்கும்போது ஜமாத்தில் மூத்தவர் ஒருவர் தோளைத் தொட்டு, "மீனுக்கெல்லாம் நூலு கட்டுறீகளாமே, என்ன வழக்கம் இது?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் புளியங்கொட்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "தப்புத்தான்," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அவளுக்குப் பட்டம் கிடைத்தது. தாமதமாகத்தான் கிடைத்தது. நூல் கட்டிய மீனை ஆட்கள் ஏன் திரும்ப விட்டார்கள் என்பதையும் எழுதித்தான் தீர வேண்டும் என்று பேராசிரியர் சொன்னாராம். அதை எழுதுவதற்காக வலைக்கூட்டத்தைப் பார்க்க வைகை அணைப் பக்கம் போவதற்கு முன் என்னிடம் வந்து கேட்டாள்: "போகட்டுமாங்கய்யா?" என்னிடம் அனுமதி கேட்கிற அளவுக்கு அவளைப் பழக்கி வைத்திருந்தேன்.

நானே வேனில் கூட்டிக்கொண்டு போனேன். மேஸ்திரியின் வீட்டு வாசலில் அவளுக்குப் பாய் விரித்தார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள். நான் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிட்டது. மேஸ்திரி, "என்னத்தா கேக்கணும், கேளு," என்றார். ஆனால் பார்வை என்மேல் இருந்தது. பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். அவள் ஒன்று கேட்டாள். மேஸ்திரி, "அதெல்லாம் மொதலாளிக்குத்தான் தெரியும்," என்றார்.

"டீசல் போடணும், இந்தா வந்துர்றேன்," என்று எழுந்தேன். வேனில் டீசல் இருந்தது. தெருமுனையில் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த வாசலிலிருந்து பேச்சுச் சத்தம் கிளம்பியது. ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து, நாலைந்து குரல். பிறகு அவள் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை வருஷத்தில் அந்த மேஸ்திரி சிரித்து நான் கேட்டதில்லை. என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று கேட்க ஆசையாக இருந்தது. இறங்கிப் போனால் நின்றுவிடும் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.